செம்மண்ணில் தொங்குகிளை நெட்டிலிங்கம்

கிளைகள் கீழ்நோக்கித் தொங்கும் மரங்களுள் ஜப்பானிய மேப்பிளின் தொங்கு வகை பெரிதும் போற்றப்படுவதாயினும், குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் இயல்புடைய அம்மரத்திற்குப் புதுக்கோட்டை மாவட்டத்தின் கோடை ஒவ்வாது. அந்த எழிலை இங்கே எளிதாகத் தருவது நெட்டிலிங்கம். ஊர்வழக்கில் இதனையும் அசோகமரம் என்றே அழைப்பர். செம்மஞ்சள் பூங்கொத்து விடும் உண்மையான அசோகு வேறு, நெட்டிலிங்கமோ சீத்தாப்பழத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது.

நடுவதற்கு முன் நிலத்தை அறிதல் இன்றியமையாதது. ஆலங்குடி, கந்தர்வகோட்டைப் பகுதிகளில் செம்மண்ணுக்கு அடியில் செம்புராங்கல், அதாவது இரும்புச்சத்து ஏறி இறுகிய துளைக்கல், படிந்திருக்கும் இடங்கள் உண்டு. அத்தகைய இடத்தில் இரண்டடிக் குழி வெட்டினால் அது கிண்ணம்போல நீரைத் தேக்கி வேரை அழுகச் செய்யும். ஆகவே, குழி நிறைய நீர் ஊற்றி, மறுநாள் காலையில் அது வடிந்துள்ளதா என்று பார்த்து, வடியாவிடில் கடப்பாரையால் அடிக்கல்லை உடைத்த பின்னரே தொழுவுரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்புவது நலம்.

பலரும் கவனிக்கத் தவறுவது வேரைத்தான். பாலித்தீன் பையில் நெடுநாள் இருந்த கன்றின் வேர் பையின் அடியில் சுருண்டு கிடக்கும். அச்சுருளை வெட்டி நீக்காமல் நட்டால் மரம் உயர்ந்தும் மண்ணைப் பற்றாது. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் தென்னையையும் பலாவையும் சாய்த்துச் சென்ற மாவட்டத்தில் இது சிறு குறையன்று. விலை சற்றுக் கூடினாலும் வயது குறைந்த கன்றையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஐப்பசி மழை தொடங்கியதும் நட்டால் வடகிழக்குப் பருவம் முடிவதற்குள் வேர் ஊன்றிவிடும். முதல் இரண்டு கோடைகளில் வாரம் இருமுறை ஆழமாக நீர் பாய்ச்சி, தண்டைத் தொடாதவாறு சருகு மூடாக்கு இடுதல் போதுமானது. நுனியை வெட்டினால் ஒற்றைத் தண்டாக ஓங்கும் வடிவம் கெடும். தரையைத் தொடும் அடிக்கிளைகளைத் தூய்மை கருதிக் கழிப்பதும் தவறே, ஏனெனில் கழித்த இடத்தில் பசுமை மீண்டும் அடர்வது அரிது.

செம்புநிறத் தளிர்களில் புழு கடித்த தடங்கள் தென்பட்டால் உடனே மருந்து தெளிக்க வேண்டியதில்லை. அது பெரும்பாலும் கரிய இறகில் பச்சைப் புள்ளிகள் கொண்ட ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழுவாகவே இருக்கும். அருகிலுள்ள சீத்தா இலையிலும் அதனைக் காணலாம்.