கம்ப்யூட்டர் பேசாமல் நின்றால் என்ன செய்வது?



போன மாதம் நம் கூட்டமைப்பு அலுவலகத்தில் நடந்தது இது. பார்வை தெரியாத சகோதரி ஒருவர், மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புக் குழுவில் கணக்கு எழுதுகிறவர். தனக்கு வேண்டிய ஒரு விண்ணப்பத்தைத் தானே கம்ப்யூட்டரில் நிரப்பிக்கொண்டு இருந்தார். பாதியில் கம்ப்யூட்டர் பேச்சை நிறுத்திவிட்டது. பக்கத்தில் இருந்த நாங்கள், "தள்ளுங்க அக்கா, நாங்களே அடிச்சுத் தர்றோம். பேங்க் நம்பரையும் ஓ.டி.பி.யையும் மட்டும் சொல்லுங்க" என்றோம். அவர் சொன்னார்: "அதைச் சத்தமா சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே கூட்டத்துல சொல்லித் தந்தீங்க?"

எங்களுக்குத் தலை குனிந்தது. உதவி என்றால் அவருடைய வேலையைப் பிடுங்கிச் செய்வது அல்ல. எங்கே தடை என்று பார்த்து எடுத்துவிடுவதுதான். அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

ஸ்கிரீன் ரீடர் என்பது என்ன?

திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள்தான் ஸ்கிரீன் ரீடர். என்.வி.டி.ஏ. என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-ல் இதை உருவாக்கத் தொடங்கினார். தமிழையும் இது படிக்கும்.

நம் தீர்மான நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் விஷயத்தைச் சொல்கிறார், ஒருவர் நோட்டில் எழுதுகிறார், ஒருவர் வாசிக்கிறார். இணையப் பக்கம்தான் சொல்கிறவர். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் போன்ற பிரவுசர் எழுதுகிறவர். ஸ்கிரீன் ரீடர் வாசிக்கிறவர். மூவரில் யார் தவறினாலும் நம் காதுக்கு வந்து சேராது. ஆகவே முதலில் யாரிடம் கோளாறு என்று கண்டுபிடிக்க வேண்டும்.

வரிசையாகப் பாருங்கள்

1. எங்குமே பேசவில்லையா? முதலில் ஒலி அளவையும் ஹெட்போன் ஒயரையும் பாருங்கள். பிறகு விண்டோஸ் பட்டனை அழுத்துங்கள். அப்போதும் பேசாவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் என்.வி.டி.ஏ. தொடங்கும். இன்சர்ட்டுடன் எஸ் தெரியாமல் கைபட்டாலும் பேச்சு நின்றுவிடும். பேச்சு திரும்பி வரும்வரை அதையே மறுபடி மறுபடி அழுத்துங்கள்.

2. இரண்டு குரல் கேட்கிறதா? விண்டோஸிலேயே இருக்கும் நரேட்டரும் சேர்ந்து ஓடுகிறது. விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது நின்றுவிடும்.

3. மற்ற இடத்தில் பேசுகிறது, இணையத்தில் மட்டும் பேசவில்லையா? இன்சர்ட்டுடன் எஃப்5 அழுத்துங்கள். பக்கத்தை மறுபடி புதிதாக எடுத்துக்கொள்ளும். சரியாகாவிட்டால் பிரவுசரை மூடித் திறங்கள். அதே பக்கத்தை வேறு பிரவுசரில் திறந்து பாருங்கள். அங்கே படித்தால் கோளாறு முதல் பிரவுசரில்தான் இருக்கிறது. அதைப் புதுப்பிக்க வேண்டும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனில் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 7 உள்ள பழைய கம்ப்யூட்டருக்கு 2023 பிப்ரவரி முதல் குரோமின் புதிய பதிப்பு வருவதில்லை.

4. படிக்கிறது, ஆனால் கட்டத்தில் எழுத்து விழவில்லையா? இது கோளாறே அல்ல. என்.வி.டி.ஏ.வில் படிக்கும் நிலை, எழுதும் நிலை என்று இரண்டு உண்டு. படிக்கும் நிலையில் ஹெச் அழுத்தினால் அடுத்த தலைப்புக்குப் போகும், பி அழுத்தினால் அடுத்த பட்டனுக்குப் போகும். அதனால்தான் எழுத்து விழவில்லை. இன்சர்ட்டுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் நிலை மாறும். சத்தமும் மாறும், கவனித்துக் கேளுங்கள்.

5. தமிழ் மட்டும் வரவில்லையா? குரல் ஆங்கிலத்தில் இருக்கலாம். குரல் அமைப்பில் ஈஸ்பீக் குரலையும் தமிழையும் தேர்ந்தெடுங்கள். அப்படியும் புரியாத ஆங்கில எழுத்துகளாகப் படித்தால், அந்தப் பக்கம் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் இருக்கலாம். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது வேறு எழுத்து. யூனிகோடில் அடித்தால்தான் தமிழாகப் படிக்கும். நம் குழு அறிக்கைகளையும் யூனிகோடில் அடிப்போம்.

எதுவுமே சரிவரவில்லை என்றால்?

எல்லா பிரவுசரிலும் ஒரே இடத்தில் தடை என்றால், பெரும்பாலும் குறை பக்கத்தில்தான் இருக்கும். பெயர் வைக்காத பட்டனை வெறும் "பட்டன்" என்றுதான் படிக்கும். படத்தில் உள்ள எழுத்தைப் பார்த்து அடி என்று கேட்டால், பார்வை இல்லாதவர் என்ன செய்வார்? நாம் எந்தப் பட்டனைத் தட்டினாலும் இது தீராது. பக்கத்தை நடத்துகிறவர்கள்தான் திருத்த வேண்டும்.

இதைக் கேட்பது நம் உரிமை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல் தொழில்நுட்பம் இவர்களும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்கிறது. இணைய சேவையைப் பெறுவதும் வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்புச் சொன்னது. எந்தப் பக்கம், எந்தக் கட்டம், எந்தத் தேதி என்று குறித்து, அந்தச் சேவையைத் தரும் அலுவலகத்துக்கு மனு எழுதுங்கள். ஒரு நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் கொடுங்கள்.

அன்றைக்கு நம் சகோதரிக்கு நான்காவது காரணமும் மூன்றாவது காரணமும் சேர்ந்து இருந்தன. பழைய பிரவுசரைப் புதுப்பித்தோம், நிலையை மாற்றினோம். அவ்வளவுதான். ஓ.டி.பி.யை அவரே கேட்டு அவரே அடித்தார். நாங்கள் திரும்பி உட்கார்ந்துகொண்டோம்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

• நம் குழுவில், நம் ஊரில் பார்வை இல்லாதவர்கள் யார் யார்? அவர்களுடைய பேங்க் விவரம் இப்போது யார் கையில் இருக்கிறது?
• நம் அலுவலகக் கம்ப்யூட்டரில் ஸ்கிரீன் ரீடர் இருக்கிறதா? இல்லையென்றால் எப்போது போடலாம்?
• கண்ணை மூடிக்கொண்டு, மவுஸைத் தொடாமல், ஒரு பக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். எங்கே தடுமாறினீர்கள்?

பேசி முடிவெடுத்ததைத் தீர்மான நோட்டில் மறக்காமல் எழுதுங்கள்.