லோகோ போட்டால் சர்க்கரை குறையுமா?

பெரிய நிறுவனங்கள் பலவற்றில் லிஃப்ட் பக்கத்துச் சுவரில் இப்போது ஒரு சுவரொட்டி இருக்கிறது. பச்சை இலை, கைகளை விரித்து நிற்கும் ஒரு மனித உருவம், கீழே துள்ளலாக ஓர் ஆங்கிலப் பெயர். அதுதான் அந்த நிறுவனத்தின் 'வெல்னஸ் புரோகிராம்'. பெயர் யோசிக்க ஒரு குழு, லோகோ வரைய ஓர் ஏஜென்சி, திறப்பு விழாவுக்கு டி-ஷர்ட், தண்ணீர் பாட்டில். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்கு மட்டும் அடுத்த நிதியாண்டில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். இந்த அடையாளம் உருவாக்கும் வேலையைச் சுற்றிச் சில நம்பிக்கைகள் ஊறிப்போயிருக்கின்றன.

நம்பிக்கை: பெயரும் லோகோவும் நன்றாக அமைந்தால் ஊழியர்கள் தாமாக வந்து சேர்வார்கள்.

உண்மை: பெயரைவிட, கூப்பிடுவது யார், எதற்காகக் கூப்பிடுகிறார் என்பதைத்தான் ஊழியர் முதலில் பார்க்கிறார். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 2013-இல் 'டேக் கேர் ஆஃப் யுவர் ஹெல்த்' என்ற பெயரில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. குறை சொல்ல முடியாத பெயர். ஆனால் இணையத்தில் ஒரு கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். ரத்த அழுத்தம், கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு எல்லாம் அளந்து கொடுக்க வேண்டும். செய்யாவிட்டால் மாதம் 100 டாலர் பிடித்தம். கேள்வித்தாளைத் திறந்தவர்கள் திகைத்துப்போனார்கள். மேலதிகாரியோடு பிரச்சினை உண்டா, விவாகரத்து நடந்ததா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். பெண்களிடம், கருத்தரிக்கும் எண்ணம் இருக்கிறதா என்றுகூட ஒரு கேள்வி. பேராசிரியர்கள் கொதித்தெழ, செப்டம்பரிலேயே அந்தப் பிடித்தத்தைப் பல்கலைக்கழகம் நிறுத்திவைத்தது. 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்று அம்மா சொன்னால் அக்கறை. அதையே சம்பளப் பிரிவு பிடித்தத்தோடு சேர்த்துச் சொன்னால் மிரட்டல்.

இது ஒரு பல்கலைக்கழகத்தோடு முடியவில்லை. 2018-இல் மேற்கு வர்ஜீனியா மாநில ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, சம்பளமும் காப்பீட்டுச் செலவும்தான் முதன்மைக் கோரிக்கைகள். என்றாலும், உடல்நலப் புள்ளிகளைச் சேர்க்காதவர் கூடுதலாகப் பணம் கட்ட வேண்டும் என்று வந்த 'கோ365' செயலியும் அவர்கள் கோபத்தைக் கிளறியிருந்தது. அதற்கும் பெயர், நிறம், சின்னம் எல்லாம் இருந்தன.

நம் ஊரிலும் பார்த்திருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் மருத்துவ முகாம். அழகான பதாகை. முடிவுத்தாள்களைக் கேன்டீன் மேசை ஒன்றில் அடுக்கி, அவரவர் தாளைத் தேடி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். தன் பெயரைத் தேடியவர்கள் போகிற போக்கில் பத்துப் பேருடைய சர்க்கரை அளவைப் படித்துவிட்டார்கள். சாப்பாட்டு இடைவேளை முடிவதற்குள் யார் யார் 'சுகர் பார்ட்டி' என்பது தளம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஏஜென்சி வைத்த பெயரை அதற்குப் பிறகு யாரும் சொல்லிக் கேட்கவில்லை. 'சுகர் பார்ட்டி கேம்ப்' என்பதே நிலைத்தது.

நம்பிக்கை: நிறையப் பேர் சேர்ந்தார்கள், சேர்ந்தவர்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள். அப்படியானால் திட்டம் வெற்றி.

உண்மை: எச்.ஆர். கூட்டங்களில் அடிக்கடி திரையில் வரும் கணக்கு இது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2016-இல் 'ஐ-த்ரைவ்' என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, ஏறத்தாழ 5,000 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் திட்டம் உண்டு, மற்றதற்கு இல்லை. திட்டம் கிடைத்த பிரிவில் யார் ஆர்வமாக வந்து சேர்ந்தார்கள் என்று பார்த்தால், ஏற்கெனவே மருத்துவச் செலவு குறைவாக இருந்தவர்கள். ஓடுகிறவர்தானே ஓட்டப் போட்டிக்குப் பெயர் கொடுப்பார்! சேர்ந்தவரையும் சேராதவரையும் மட்டும் ஒப்பிட்டிருந்தால் திட்டம் பணத்தை மிச்சப்படுத்தியதாகவே தோன்றியிருக்கும். குலுக்கலில் பிரிந்த இரு பிரிவுகளையும் முழுதாக ஒப்பிட்டபோது, மருத்துவச் செலவிலோ உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவதிலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

மாறியது என்ன தெரியுமா? பரிசோதனை செய்துகொண்டவர்கள் கூடினார்கள். 'நிர்வாகம் நம் உடல்நலத்துக்கு முக்கியத்துவம் தருகிறது' என்ற எண்ணமும் கூடியது. அடையாளம் என்பது இந்த எண்ணத்தை உண்டாக்க வல்லது என்றே எனக்குப் படுகிறது. அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அதைக் காட்டி, காப்பீட்டுச் செலவு குறையும் என்று நிர்வாகத்திடம் பணம் கேட்பது சரியில்லை. பி.ஜே'ஸ் என்ற அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனத்தின் 160 கிளைகளில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வும் ஏறக்குறைய இதையே காட்டியது. உடற்பயிற்சி செய்கிறோம் என்று சொன்னவர்கள் அதிகரித்தார்கள்; ரத்த அழுத்தம், கொழுப்பு, விடுப்பு எதிலும் பெரிய மாற்றம் இல்லை.

நம்பிக்கை: தினமும் 10,000 அடி என்பது மருத்துவம் வகுத்த இலக்கு. அதையே திட்டத்தின் பெயராகவும் வைக்கலாம்.

உண்மை: அது மருத்துவமனையிலிருந்து வந்த எண் இல்லை. 1965-இல் ஜப்பானின் யமாசா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த நடையளவிக்கு 'மான்போ-கெய்' என்று பெயர்; பத்தாயிரம் அடி மானி என்று பொருள். அந்தப் பெயரே நாளடைவில் உலகத்துக்கு இலக்காகிவிட்டது. வயதான பெண்களிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வொன்றில், சுமார் 7,500 அடிக்கு மேல் இறப்பு அபாயம் கூடுதலாகக் குறையவில்லை. 10,000 நடந்தால் தப்பில்லை. ஆனால் 6,000 நடக்கும் கணக்கரைப் பட்டியலின் அடியில் போட்டு அலுவலகம் முழுக்க மின்னஞ்சல் அனுப்புவது தப்பு.

நம்பிக்கை: ஆங்கிலத்தில் பெயர் வைத்தால்தான் எடுபடும்.

உண்மை: 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' எப்படி ஊர் ஊராகப் பதிந்தது? சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையோடு ஒரு பெண் தன்னார்வலர் உண்மையிலேயே வீட்டு வாசலுக்கு வந்தார். யார் யாரைத் தேடி வருவார் என்று பெயர் சொன்னது, அப்படியே நடந்தது. அதன் நீட்சியாகப் பணியிடங்களுக்குப் போகும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' 2024-இல் வந்தது. உங்கள் திட்டத்துக்கும் இப்படி ஒரு பெயர் வைக்கலாம். ஆனால் மருத்துவர் முதல் மாடிக்கு மட்டும் வந்துவிட்டுப் போனால், தரைத்தளத்து இரவு ஷிப்ட்காரர் அந்தப் பெயரைச் சொல்லியே கேலி செய்வார்.

நம்பிக்கை: அடையாளத்தை டிசைனரிடம் விட்டுவிடலாம்.

உண்மை: எழுத்துருவையும் நிறத்தையும் விடலாம். சுவரொட்டியில் என்ன எழுதுவது என்பதை நிர்வாகம்தான் முடிவு செய்ய வேண்டும். பரிசோதனை முடிவை யார் பார்ப்பார், பரிசோதனைக்குப் போகும் நேரம் வேலை நேரத்தில் சேருமா, வராவிட்டால் ஏதாவது பிடித்தம் உண்டா: இந்த மூன்றுக்கும் பதில் லோகோவுக்குப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இருக்கட்டும். பதில் எழுதக் கை வரவில்லை என்றால் டி-ஷர்ட் ஆர்டரை நிறுத்திவையுங்கள். ஜவுளிக்கடை, நகைக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. கால் வீங்கி நிற்கும் விற்பனைப் பெண்ணிடம் அதற்கு முன் யோகா தினச் சுவரொட்டியைக் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று உங்கள் பெயர்க்குழு ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.