ஐந்து மணி நேரம் சும்மா இருக்கிறதா? கிண்டிக்கு வாருங்கள்

சென்னை விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்கு ஐந்தாறு மணி நேரம் கிடக்கிறதா? நாற்காலியில் தூங்கி வழிய வேண்டாம். மெட்ரோவில் ஏறினால் மீனம்பாக்கம், நங்கநல்லூர் ரோடு, ஆலந்தூர், அடுத்தது கிண்டி. அங்கிருந்து ஆட்டோவில் சிறுவர் பூங்கா. ஒட்டியுள்ள தேசியப் பூங்கா சுமார் 2.7 சதுர கி.மீ. காடு; ஊருக்கு நடுவே புள்ளிமானும் வெளிமானும் மேய்கிற இடம். செவ்வாய்க்கிழமை சிறுவர் பூங்காவுக்கு விடுமுறை. அன்று பக்கத்திலுள்ள காந்தி மண்டபத்து மரநிழலே போதும். பெரிய பெட்டியோடு மட்டும் கிளம்பாதீர்கள். மாலை நெரிசலில் கத்திப்பாரா மேம்பாலத்தை நம்பி டாக்சி ஏறுவது வீண் வம்பு, திரும்பவும் மெட்ரோதான். உள்நாட்டு விமானத்துக்கு 2 மணி, வெளிநாட்டுக்கு 3 மணி நேரம் முன்னதாக வந்துவிடுங்கள். டிக்கெட்டும் அடையாள அட்டையும் காட்டாமல் உள்ளே விடமாட்டார்கள்.