கல் பதித்த ஊசிப்பதக்கம் செய்யும் விதம்

கெபாயா அணியும் மலாய்ப் பெண்மணிகள் அதன் முன்புறத்தைச் சேர்த்துக் குத்த மூன்று ஊசிப்பதக்கங்கள் வைத்திருப்பர். இதற்குக் கெரோங்சாங் என்று பெயர். பெரியது தாய், சிறியவை இரண்டும் பிள்ளைகள். பொன்னில் வாங்க எல்லோராலும் இயலாது. கண்ணாடிக் கல் வைத்து நம் வீட்டுப் பெண்மக்களே செய்துகொள்ளலாம்.

தேவையானவை: பித்தளைத் தட்டு, அதன் பின்னால் பொருத்தும் ஊசி, பின்புறம் ரசம் பூசிய கற்கள், இரு குழாய்களில் வரும் எப்பாக்சி பசை. 16ஆம் எண் கல் சுமார் 4 மில்லிமீட்டர் இருக்கும். முதலில் காகிதத்தின் மேல் அடுக்கிப் பார்க்க வேண்டும்.

செய்முறை: தட்டை உப்புத்தாளால் தேய்த்து, சோப்பு நீரில் கழுவிக் காயவைக்கவும். வழவழப்பில் பசை பிடிக்காது. இரு பசைகளையும் குழாயில் கண்ட அளவுப்படி கலந்து, கொஞ்சங் கொஞ்சமாக வைக்கவும். குச்சி நுனியில் மெழுகு வைத்தால் கல் எளிதில் வரும். நடுவிலிருந்து பதித்து, ஒரு நாள் அசைக்காமல் விடவும். சூப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி படிந்து கல் வெளுத்து மங்கும்.

இரண்டு காரியங்களில் கவனம் வேண்டும். விரலில் பசை காய்ந்து ஒட்டியிருந்தால் தோலில் தண்ணீர் படாது, ஒளு நிறைவேறாது. ஆகையால் கையுறை அணிந்து செய்க.

மற்றொன்று, பெருநாள் சந்தையில் விற்க நினைக்கும் சகோதரிகளுக்கு. வாங்குபவர் கேளாவிட்டாலும் கண்ணாடிக் கல் என்று நாமே சொல்லிவிட வேண்டும். மறைத்து விற்ற காசில் பரக்கத் இராது. உள்ளதைச் சொன்னால் வந்தவர் மறுபடியும் வருவார். இது கடையில் நாம் கண்டது.