சட்டம் படிக்கப் போறீங்களா? மூன்று கேள்விகள்



எஸ்.பி.எம். முடிவு வந்ததும், "அக்கா, லா படிக்கணும். எந்த காலேஜ் நல்லது?" என்று மன்றத்தில் பலர் என்னிடம் கேட்பார்கள். நான் கல்லூரிப் பெயரைச் சொல்வதில்லை. பதிலுக்கு மூன்று கேள்விகள் கேட்பேன்.

1. வழக்கறிஞர் ஆகணுமா, சட்ட அறிவு மட்டும் போதுமா?

பட்டத்தின் பெயரில் 'சட்டம்' என்று இருந்தால் போதும், நீதிமன்றத்தில் வாதாடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தீபகற்ப மலேசியாவில் 1976ஆம் ஆண்டு சட்டத்தொழில் சட்டம்தான் அளவுகோல். சட்டத்தொழில் தகுதி வாரியம் ஏற்கும் பட்டம் வேண்டும். அதற்கு முன் நீங்கள் எஸ்.டி.பி.எம். படித்தீர்களா, ஏ-லெவல் படித்தீர்களா என்பதையும் வாரியம் பார்க்கும். எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் இருப்பதும் முக்கியம்.

எம்.கியூ.ஏ. அங்கீகாரம் வேற, வாரியத்தின் அங்கீகாரம் வேற. முதலாவது இருந்தால் பி.டி.பி.டி.என். கடனுக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டாவது இல்லாமல் வழக்கறிஞர் ஆக முடியாது.

2. பட்டத்துக்குப் பிறகு சி.எல்.பி. எழுதணுமா?

மலாயாப் பல்கலைக்கழகம், யூ.கே.எம்., யூ.யூ.எம்., மலாக்காவிலுள்ள எம்.எம்.யூ. போன்றவற்றில் எல்.எல்.பி. முடித்தவர்களுக்கு சி.எல்.பி. தேவையில்லை. இரண்டு வருடம் இங்கே, கடைசி வருடம் இங்கிலாந்தில் என்று படிப்பவர்களும், லண்டன் பல்கலைக்கழகத் தேர்வை இங்கிருந்தே எழுதுபவர்களும் பட்டத்துக்குப் பிறகு சி.எல்.பி. எழுதணும். ஐந்து தாள்கள், கடுமையான தேர்வு. இங்கிலாந்திலேயே பாரிஸ்டர் தகுதி பெற்று வருவது இன்னொரு வழி, ஆனால் செலவு அதிகம். எந்த வழியில் வந்தாலும் கடைசியில் ஒன்பது மாதம் சேம்பரிங் உண்டு.

3. கடைசி வரைக்கும் செலவுக்கு என்ன வழி?

விளம்பரத் தாளில் இருப்பது பெரும்பாலும் பட்டப்படிப்புக் கட்டணம் மட்டும்தான். அதோடு ஏ-லெவல், வாடகை, சி.எல்.பி. வகுப்பு, சேம்பரிங் காலத்துச் சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

என்னிடம் வந்த ஒரு தம்பியின் அப்பா லாரி ஓட்டுநர். அம்மா சங்கிலியை அடகு வைத்து, ஒரு கல்லூரிக்கு முன்பணம் கட்டத் தயாராக இருந்தார். மூவரும் உட்கார்ந்து ஒரு தாளில் கணக்குப் போட்டோம். இரண்டாம் வருடத்திலேயே பணம் தீர்ந்துவிடும் என்று தெரிந்தது. பாதியில் நின்றால் பட்டமும் இல்லை, சங்கிலியும் இல்லை. தம்பி ஆறாம் படிவத்தில் சேர்ந்தான். எஸ்.டி.பி.எம். நன்றாகச் செய்தால் யூ.பி.யூ. வழியாக அரசுப் பல்கலைக்கழகத்துக்கு முயற்சி செய்யலாம். இடம் உறுதி இல்லைதான், போட்டி அதிகம். ஆனால் அம்மாவின் சங்கிலி வீட்டில் இருக்கிறது, எஸ்.டி.பி.எம். சான்றிதழும் வீணாகாது.

தனியார் கல்லூரி கூடாது என்று நான் சொல்லவில்லை. அங்கே படித்து நல்ல வழக்கறிஞர் ஆனவர்கள் நிறைய பேர். கணக்குத் தெரிந்து போங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இந்த மாதப் பயிற்சி

இரண்டு கல்லூரிகளைத் தேர்ந்தெடுங்கள். மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதுங்கள். கல்லூரிக் கவுண்டரில் ஒன்று கேளுங்கள்: "இந்தப் பட்டத்தைத் தகுதி வாரியம் ஏற்கிறதா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாரியத்திடமும் ஒரு முறை உறுதி செய்யுங்கள். அதன் பிறகு அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பேசுங்கள். அதுவரை முன்பணம் கட்ட வேண்டாம்.