ஒரே குட்டி
(பத்தாம் வகுப்பு மாணவியர்)

"கடலே இல்லாத அரியலூர்ப் பிள்ளைகளுக்குக் கடற்பசுவைப் பற்றி என்ன கவலை?" என்று தோழி ஒருத்தி எங்களைக் கேட்டாள். அவளுக்கு விடை கூறவே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

நாம் நடமாடும் இம்மண் ஒரு காலத்தில் கடலாக இருந்தது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கிடைக்கும் அம்மோனைட் போன்ற கடலுயிர்களின் கல்லாகிப்போன ஓடுகளே அதற்குச் சான்று. வாரணவாசி அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அம்மோனைட் இனம் அடியோடு அழிந்தது. அன்று மனிதன் இல்லை. எனவே பழியும் அவனுக்கு இல்லை. ஆனால் இன்று பாக் நீரிணையில் குட்டியோடு நீந்தும் கடற்பசுவின் வாழ்வு மனிதர் கையில் இருக்கிறது.

கடற்பசுவை மீனவர் 'ஆவுளியா' என்பர். அது மீன் அன்று. யானைக்கு உறவான பாலூட்டி. சுமார் 3 மீட்டர் நீளமும் 400 கிலோ எடையும் வரை வளரும். ஆழமற்ற கடலில் வளரும் கடற்புல்லே அதன் உணவு. நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை மேயும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்திற்கு வந்து மூச்சு வாங்கும்.

தாய் ஓராண்டுக்கும் மேலாகக் கருவைச் சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனும். முன் துடுப்புகளின் அடியில் உள்ள முலைகளில் குட்டி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பால் குடிக்கும். தாயை விட்டு அகலாமல் நீந்தும். அடுத்த குட்டி பிறக்க 3 முதல் 7 ஆண்டுகள் ஆகும். எளிதாகச் சொன்னால், நாம் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது பிறந்த குட்டிக்கு, நாம் பத்தாம் வகுப்பை முடிக்கும்போதுதான் ஒரு தம்பியோ தங்கையோ பிறக்கும்!

இத்தகைய தாய் வலையில் சிக்கினால் மூச்சு வாங்க மேலே வர இயலாமல் இறந்துபோகும். பால்குடிக்கும் குட்டியும் பிழைப்பது அரிது. ஒரு வலையில் இரண்டு உயிர்கள்! அந்த இழப்பை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் வேண்டும்.

காப்பதற்கு முன் கணக்கெடுக்க வேண்டும் அல்லவா? மெக்சிகோவின் காயல்களில் குட்டி ஈன்று, வடதுருவக் கடல் நோக்கிச் செல்லும் சாம்பல் நிறத் திமிங்கிலங்களைப் பாருங்கள். கலிபோர்னியாவின் பியெத்ராஸ் பிளாங்காஸ் முனையில், கரையோரமாகச் செல்லும் தாயையும் குட்டியையும் ஆய்வாளர்கள் 1994 முதல் வசந்த காலத்தில் எண்ணி வருகின்றனர். வேட்டையால் அருகிப்போன இவ்வினம் 1946-இல் பாதுகாப்புப் பெற்று 20,000-க்கு மேல் பெருகியது. 2019-க்குப் பின் குட்டிகள் குறைந்ததையும் அந்தக் கணக்கே எடுத்துக் காட்டியது.

நம் ஆவுளியாவோ மூக்கை மட்டும் நீட்டிவிட்டு மறைந்துவிடும். கரையில் நின்றால் எளிதில் தென்படாது. ஆகவே நமக்கு மீனவரே கண்கள். டேராடூனிலுள்ள இந்திய வன உயிரின நிறுவனம், கடற்பசுவைக் கண்டால் தெரிவிக்க மீனவருக்குப் பயிற்சி அளித்தது. மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் வழங்கியது. வலையை அறுத்துக் கடற்பசுவை மீண்டும் கடலில் விட்ட மீனவர் பலர். வலை அறுந்தால் அவர்களுக்கு நட்டமே, ஆயினும் அறுக்கிறார்களே! 2022 செப்டம்பரில் தமிழக அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை இந்தியாவின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது.

கடற்பசுவுக்குப் பெரிய உறவு ஒன்று இருந்தது. ஸ்டெல்லர் கடற்பசு என்ற அதனை 1741-இல் பேரிங் கடலில் கண்டனர். வேட்டையாடி 1768-க்குள் அழித்தனர். இருபத்தேழே ஆண்டுகள்! இன்று அருங்காட்சியகங்களில் அதன் எலும்புகள் மட்டுமே உள்ளன.

தோழியே, இதுவே எங்கள் விடை. மறைந்துபோன கடலுயிர்களைக் கல்லாகப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அழிவு என்றால் என்ன என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? விடுமுறையில் அதிராம்பட்டினம் பக்கம் செல்வோர் கரையில் குப்பை போடாதிருப்போம். வலையை அறுத்த மீனவரின் கதையை நம் வீட்டாருக்குச் சொல்வோம். ஆவுளியாவை நம் பேரப்பிள்ளைகள் கடலிலேயே காணட்டும்!