பனிமலைக் காவலும் இடர்ப் படியும்

படைவீரர் ஒருவர் மாதந்தோறும் பெறும் தொகையில் ஊதியமும் உண்டு, படியும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. போர்ப் படையினருக்கு அடிப்படை ஊதியத்துடன் இராணுவப் பணி ஊதியம் என்ற ஒன்றும் சேர்த்து வழங்கப்படுகிறது. ஏழாவது மத்திய ஊதியக் குழு இதனை ஜவான்களுக்கும், சுபேதார் போன்ற இளநிலை அதிகாரிகளுக்கும் மாதம் 5,200 ரூபாயாக வகுத்தது. படை வாழ்வின் பொதுவான இன்னல்களுக்கு இது ஈடு. ஓய்வூதியக் கணக்கிலும் சேரும். இடர்ப் படியோ ஆளைச் சார்ந்ததன்று, பணியிடத்தைச் சார்ந்தது. வீரர் மலையினின்று இறங்கியதும் அது நின்றுவிடும், ஓய்வூதியத்திலும் சேராது. அதனை நம்பி நெடுங்காலக் கடன் வாங்கும் குடும்பம் இதை மறத்தலாகாது.

2015 நவம்பரில் அறிக்கை அளித்த அக்குழு, பலவாறாகச் சிதறிக் கிடந்த இவ்வகைப் படிகளை ஓர் அட்டவணைக்குள் கொணர்ந்தது. இடருக்கு மூன்று நிலை, கடுமைக்கு மூன்று நிலை. ஆக ஒன்பது கட்டங்கள். எந்தப் பணி எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அதற்கேற்ற தொகை. சியாச்சின் மட்டும் ஒன்பதிலும் அடங்காமல், அவற்றிற்கு மேலே தனிக் கட்டமாக வைக்கப்பட்டது.

அது தகுந்ததே. 1984 ஏப்ரல் 13 அன்று தொடங்கிய மேகதூத் நடவடிக்கையிலிருந்து அங்குக் காவல் நீடிக்கிறது. 2003 நவம்பரில் போர் நிறுத்தம் வந்த பின்னரும் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் நிறுத்தம் இல்லை. பிராணவாயு குறைந்த அவ்வுயரத்தில் பசி குன்றும், உறக்கம் கெடும். நுரையீரலில் நீர் கோத்து உயிர் போவதும் உண்டு.

முன்னர் சியாச்சின் படி அதிகாரிகளுக்கு 21,000 ரூபாய், ஜவான்களுக்கும் இளநிலை அதிகாரிகளுக்கும் 14,000 ரூபாய். குழு பரிந்துரைத்தது முறையே 31,500, 21,000. அரசு அதனையும் உயர்த்தி, 2017 ஜூலை 1 முதல் 42,500, 30,000 என அறிவித்தது. ஜவானின் படி இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது என்பது மறுக்கவியலாத நன்மை. ஆயினும் கணக்கைச் சற்று உற்று நோக்க வேண்டும். முன்பு அதிகாரியின் படி ஜவானுடையதைப் போல் ஒன்றரை மடங்கு. இப்போது அவ்விகிதம் சிறிது குறைந்துள்ளது. ரூபாய்க் கணக்கிலோ, 7,000 ஆக இருந்த இடைவெளி 2017-இல் 12,500 ஆக விரிந்தது.

பொறுப்பு மிகுந்தவருக்கு மிகுதி என்பது வழக்கமான விடை. ஆனால் பொறுப்புக்கான ஈடு அடிப்படை ஊதியத்திலேயே அடங்கிவிட்டது. இடர்ப் படி ஈடு செய்ய முனைவது குளிரை. அது பதவி பார்ப்பதில்லை. 2016 பிப்ரவரி 3 அன்று ஏறத்தாழ 19,600 அடி உயரக் காவல் நிலையொன்றைப் பனிச்சரிவு மூடியது. அதில் உயிரிழந்த பத்துப் பேரில் ஒருவர் இளநிலை அதிகாரி. ஏனைய ஒன்பதின்மரும் அவருக்குக் கீழ்ப்பட்ட நிலையினர்.

2025-இல் அமைக்கப்பட்ட எட்டாவது ஊதியக் குழுவின் ஆய்வு வரம்பில் படிகளும் அடங்கும்.